மாமா பிரித்த கியர் லீவர்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் ஊரார் லிஃப்டைப் பிரித்து மாட்டிவிட்டு வருகிற மனுஷன், வீட்டிலாவது கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் இல்லையா? மாட்டார். சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து, ரேஸ் சைக்கிளின் கியர் லீவரைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார். பிரேக்கும் கியரும் ஒரே பிடியில் இருக்கிற சாமான் அது. உள்ளே கொசு அளவில் ஸ்பிரிங்குகள். அவை பறந்துவிடாமல் இருக்க, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு பிரிப்பார். கழற்றியதையெல்லாம் அதே வரிசையில் ஐஸ் தட்டின் குழிகளில் போடுவார். மாடியில் குடியிருக்கும் நான் அந்த வீட்டில் ஐஸ் போட்ட தண்ணீர் குடித்து எவ்வளவோ காலமாயிற்று.

சைக்கிள் அக்காவுடையது. போன வருஷம் அவளுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சமதளத்தில் ஓட்டலாம், மேடேறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்காவும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். ஆபீஸுக்குக் குன்றைத் தாண்டிப் போகாமல், கால்வாய் ஓரமாகச் சுற்றிப் போவதாகத்தான் மாமாவிடம் சொல்லியிருந்தாள்.

அவள் மறுபடி ஓட்ட ஆரம்பித்தபோது லீவரைச் சுத்தம் செய்து, புதிதாகப் பச்சை கிரீஸ் தடவிக் கொடுத்தவர் மாமா. இப்போது அது இறுக்கமாக இருக்கிறது என்று அக்கா சொன்னதால், இந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் பிரித்தார். நான் எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பைக்குள் ஓடிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

"என்ன மாமா?"

லீவருக்குள் இருக்கும் சின்னச் சக்கரத்தை வெளியே எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு கியருக்கும் அதில் ஒரு பல். சமதளத்தில் போகிறவளுக்கு மேட்டுக் கியர்களின் பல் தேவையே இல்லை. அங்கே கிரீஸ் தடவினபடியே பச்சையாக இருந்திருக்க வேண்டும். அது கறுத்துப்போய் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கிடந்தது.

"உங்க அக்கா குன்று ஏறிட்டிருக்கா" என்றார், குரலைத் தாழ்த்தி.

"நேரா கேட்டுடுங்க."

"கேட்டா நிறுத்திடுவாளா?"

நியாயமான கேள்விதான். நாம் தலைகீழாக நின்றாலும் அக்கா நினைத்ததைத்தான் செய்வாள். மாமா லீவரைத் துடைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் மாட்டினார். பிறகு பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து ஒரு சின்ன ஸ்க்ரூவை இறுக்கினார். இனி செயின் பெரிய பல்சக்கரங்களுக்குப் போகாது. மேட்டுக் கியர் விழாது. ஏற முடியாவிட்டால் தானாக விட்டுவிடுவாள் என்று கணக்கு. பெரிய மேதாவி என்று நினைப்பு.

மறுநாள் சாயங்காலம் அக்கா வெகு நேரம் கழித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. மாமா தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஆஸ்பத்திரி போயிட்டுத்தான் வரேன். ஈசிஜி எடுத்தாங்க. பயப்பட ஒண்ணுமில்லயாம்" என்றாள் அக்கா. "குன்று வழியாத்தான் போனேன். தினமும் அப்படித்தான் போறேன். கடைசி கியர்ல போட்டா நடக்கிறதைவிட லேசா இருக்கும், மூச்சே வாங்காது. இன்னிக்கு அது விழவே இல்ல. ஏற ஆரம்பிச்சுட்டேனேன்னு அழுத்தி மிதிச்சேன். நெஞ்சை அடைச்சுது. இறங்கிட்டேன்."

மாமா முகத்தில் ஈயாடவில்லை. "நேத்து லீவர்ல ஏதோ தப்பா மாட்டிட்டேன் போல" என்றார்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க கை தப்பா மாட்டாது. அது எனக்குத் தெரியாதா? வேணும்னுதான் ஏதோ பண்ணியிருக்கீங்க."

"பயமா இருந்துதும்மா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ சொன்னியா?"

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. எழுந்து மாடிக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"எனக்கு மட்டும் பயமில்லயா?" என்றாள் அக்கா. "அதனாலதானே அந்த கியர்லயே போனேன்."

மாமா ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சைக்கிள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த ஸ்க்ரூவைத் தளர்த்திக்கொண்டே அழுதார்.