பூ கேட்ட நாள்

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுவிட்டால் ஊர் எங்களைக் கண்ணுக்குத் தெரியாத கயிற்றால் கட்டிவிடும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இரவு வெளியூரில் தங்கக் கூடாது. கம்பம் பிடுங்கும்வரை அவரவர் தலை அவரவர் வீட்டில்தான் சாய வேண்டும். மீறினால் ஊருக்கே அம்மை போடும். வெயிலிடம் காரணம் கேட்காததுபோல இதற்கும் யாரும் காரணம் கேட்டதில்லை.

அந்த வருஷம் கம்பம் நட்ட மறுநாளே கோயமுத்தூரிலிருந்து போன் வந்தது. ஆர்.எஸ்.புரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சித்திக்குப் பிரசவம் சிக்கல். சித்தப்பா வடக்கே வேலையில். துணைக்கு ஆள் இல்லை. அம்மா துணிப்பையை எடுத்தாள். பெரியம்மா அதைப் பிடுங்கி வைத்தாள்.

“கம்பம் நட்டாச்சு அம்மணி. உன்ற தங்கச்சிக்காக ஊர்ப் புள்ளைகளைப் பலி குடுக்கறதா?”

“அவளும் ஒரு புள்ளைதானுங்க அக்கா.”

அப்பா இருவரையும் பார்க்காமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மனிடமே பூ கேட்பது என்று முடிவானது.

வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியே இலையில் சுற்றி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. மற்றதைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டப் பெரியம்மாவைத்தான் விட்டார்கள். அவளைவிடக் கண்டிப்பானவர் ஊரில் இல்லை. எடுக்க நான்.

எடுத்தேன். வெள்ளை. அம்மா கும்பிட்ட கையோடு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மற்றதைக் கிணற்றில் போடச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். கை வியர்வையில் இலை நழுவிப் பிரிந்தது.

“இதுவும் வெள்ளைங்க!” என்று கத்தினேன்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

“அப்ப ஆத்தா ரெண்டு தடவை உத்தரவு குடுத்துப்போட்டா.”

“ஆமாங்க, ஆமாங்க” என்றது கூட்டம். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்ள, எல்லாக் கன்னங்களும் சத்தமிட்டன. யாரும் பெரியம்மாவைப் பார்க்கவில்லை. ஒரு கூட்டம் அவ்வளவு கவனமாக ஒருத்தியைப் பார்க்காமல் நின்றதை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

சித்தி பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. ஊரில் ஒருவருக்கும் அம்மை போடவில்லை.

கம்பம் பிடுங்கிய அன்று பெரியம்மா ஈரச் சேலையோடு கோயிலைச் சுற்றி உருண்டாள். அப்படியொரு வேண்டுதல் இருப்பதாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அம்மா கூடவே நடந்து, விலகிய சேலையைச் சரிசெய்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

“எதுக்குங்க பெரியம்மா உருளறீங்க?”

“தப்புப் பண்ணுனவங்க உருளோணும் கண்ணு.”

ஆத்தாளே இரண்டு தடவை உத்தரவு கொடுத்த பிறகு இவளுக்கு ஏது தப்பு? பெரியவர்களுக்கு ஒன்றுமே புரிவதில்லை என்று எண்ணியபடி, அவளுக்கு முன்னால் கிடந்த கற்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே போனேன்.