கரி மேஸ்திரியின் பித்தளைப் பொத்தான்கள்

எக்கார்ட் லூடிகிங் வந்தால் கதவைத் திறந்தே ஆக வேண்டும். சட்டம் அப்படி. ஜெர்மனியில், டெட்மோல்டுக்குப் பக்கத்தில் எங்கள் சிற்றூரின் புகைபோக்கிகள் அத்தனையையும் சுத்தம் செய்யும் உரிமை இருபத்திரண்டு வருடமாகக் கரி மேஸ்திரியான அவர் ஒருவருக்குத்தான். "செவ்வாய், காலை ஏழு மணி" என்று கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார். வசதிப்படுமா என்று யாரையும் கேட்டதில்லை. வேறு ஆள் இருந்தால்தானே கேட்பதற்கு!

ஹெட்விக் ஸ்டோவர் கணவரை அடக்கம் செய்த அன்றும் வந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் காபியும் கேக்குமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க மேஸ்திரி."

"செத்தவரு மறுபடி சாகப் போறாரா? தள்ளுங்கம்மா."

கேக்கின் மேல் கரி படிந்தது. மனுஷன் கூசவே இல்லை.

2013 புத்தாண்டு முதல் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று அந்தத் தொழிலைத் திறந்துவிட்டார்கள். வெளியூர் ஆட்கள் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் போட்டார்கள். "போட்டியாம் போட்டி! என்னை விட்டா இவங்களுக்கு அதிர்ஷ்டம் ஏது?" என்று மனைவியிடம் சிரித்தார் லூடிகிங். உள்ளூர உதறல்தான். வீடுகள் அதிகமுள்ள லிண்டன் தெரு கைவிட்டுப் போனால் பிழைப்பே போனது.

புத்தாண்டன்று கரி மேஸ்திரியின் பொத்தானைத் தொட்டால் வருடம் முழுக்க அதிர்ஷ்டம் என்பது எங்கள் வழக்கம். கறுப்புக் கோட்டின் பொத்தான்களைத் துலக்கிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார். ஊரே திரண்டு நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்பென்று நம்பிவிட்டார், பாவம்.

ஹெட்விக் முதலில் வந்து ஒரு பொத்தானைப் பிடித்துத் திருகினாள்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க ஸ்டோவரம்மா?"

"புது ஆளு செவ்வாக்கிழமை ஏழு மணிக்குச் சரியா வந்துடணும்னு."

சிரிப்பு வெடித்தது.

"தெருவே சேந்து அவன்கிட்ட கையெழுத்துப் போட்டாச்சு மேஸ்திரி," என்றார் கசாப்புக்கடை கெர்ட். "அவன் போன் பண்ணி, எப்ப வரட்டும்னு கேக்கறான்யா!"

ஹெட்விக் விடவில்லை. நூல் அறுந்து பொத்தான் கையோடு வந்தது. "இது இனி உங்களுக்கு எதுக்கு?" என்று பையில் போட்டுக்கொண்டாள். "எனக்கொண்ணு," என்று கெர்ட் பிய்த்தார். பிறகு ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். அவர் தடுக்கவில்லை. எல்லாம் போன பிறகு, கோட்டை இரண்டு கையாலும் இழுத்து மூடிக்கொண்டார்.

"உங்களுக்கு எப்ப வசதியோ சொல்லுங்கம்மா," என்றார். "அப்பவே வரேன்."

"அன்னிக்கு ஒரு நாள்தான் கேட்டேன். செத்தவரு மறுபடி சாகப் போறாரா மேஸ்திரி?"

ஹெட்விக் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.