லோரிஸ் தூக்கிய சிவப்புக் கொடி

லோரிஸ் மலகோலியைப் போல மெதுவாக வண்டி ஓட்டுகிற மனிதரை எங்கள் மலையில் பார்க்க முடியாது. பள்ளிக்கூடப் பேருந்து அவர் கையில் இருந்தவரை, பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் அவரைத் திட்டிக்கொண்டேதான் கீழே மொதேனா நகரம் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் பந்தயம் என்றால் அவருக்குப் பித்து.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் சாலையை அடைத்து மலையேறும் பந்தயம் நடத்துவோம். அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு காராகக் கிளம்பி உச்சித் தேவாலயம் வரை ஏற வேண்டும். யாருக்கு நேரம் குறைவோ அவருக்குக் கோப்பை. கல்லறைத் தோட்டத்து வளைவில் லோரிஸ் கொடியோடு நிற்பார். பக்கத்தில் வயர்லெஸ்ஸோடு நான். மற்ற நாட்களில் நான் காப்பிக்கடைக்காரி.

எங்கள் வேலை முழுக்கக் காதை நம்பியது. ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவில் சனங்கள் பன்றிக்கறி வைத்த ரொட்டியும் ஒயினுமாகச் சாலையைக் கடந்துகொண்டே இருப்பார்கள். கூடாதுதான். யார் கேட்கிறார்கள்? கீழே இன்ஜின் உறுமினதும் லோரிஸ் விசில் ஊதுவார். எல்லாரும் மேட்டில் தாவி ஏறிக்கொள்வார்கள்.

அவருடைய ஒரே மகள் மொரேனா போலோன்யா நகரத்தில் பேட்டரி செய்யும் இடத்தில் வேலை பார்த்தாள். சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு மின்சாரப் பந்தயக் கார் கட்டி, அதைத் தன் ஊர் மலையில்தான் முதலில் ஓட்டுவேன் என்று வந்து நின்றாள். பந்தயச் சங்கம் என் கடையில் கூடியது.

"சத்தமே இல்லாம போறதுக்குப் பேரு பந்தயமா? துணி துவைக்கிற மிஷின்கூட இதைவிடச் சத்தம் போடும்" என்றார் லோரிஸ்.

"பனி பெய்யாம பனிச்சறுக்கு மைதானத்தையே மூடியாச்சுப்பா. இன்னும் புகை விடுறதுலதான் பெருமையா?"

"வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க விட்ட புகையாலதான் பனி பெய்யலையாக்கும்!"

"புகை கொஞ்சம்தான். ஆனா இங்க எது ஜெயிக்குதோ அதைத்தானே பசங்க ஆசைப்படுறாங்க? நீயே சொல்லு, உன் முதல் காரை எதைப் பார்த்து வாங்கின?"

எனக்கும் இன்ஜின் சத்தம் உயிர்தான். ஆனாலும் அந்தப் பெண் பேசியதில் நியாயம் இருந்தது. கடைசியில் லோரிஸ் ஒரு நிபந்தனை போட்டார். சத்தமில்லாமல் வந்தால் ஆள் செத்துப்போவான், அதனால் காரில் சைரன் கட்ட வேண்டும். சங்கத் தலைவர் எர்மெஸ் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து மொரேனாவைக் கண்டால் ஊர்ப் பையன்கள், "ஆம்புலன்ஸ் வருது, யாருக்குப் பிரசவம்?" என்று கேலி பேசினார்கள். அவள் சிரித்துக்கொண்டே சைரனை மாட்டினாள். பெட்ரோல் கார்களை ஒருமுறை ஜெயித்துவிட்டால் ஊர் வாய் மூடும், அப்பாவும் ஒத்துக்கொள்வார் என்பது அவள் கணக்கு.

சனிக்கிழமை ஒத்திகையை மழை கெடுத்தது. ஞாயிறு வெயில். அவளுடைய பேட்டரி ஒரே ஒரு ஏற்றத்துக்குத்தான் தாங்கும். மறுபடி நிரப்பச் சாயங்காலம் ஆகிவிடும்.

மொரேனா பாதி மலை ஏற எடுத்த நேரம் வயர்லெஸ்ஸில் வந்தது. அன்றைக்கு ஓடின எல்லாரையும்விட அவள்தான் முன்னால். "லோரிஸ், உன் பொண்ணு கொளுத்துறா!" என்று கத்தினேன். கீழே சைரன் கேட்டது. லோரிஸ் விசில் ஊதினார், சனம் ஒதுங்கியது. வெள்ளைக் கார் வளைவுக்குள் திரும்பியது. அந்த வேகத்தில் எந்தக் காரும் அங்கே திரும்பி நான் பார்த்ததில்லை. அப்போதுதான் லோரிஸ் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

சிவப்பைக் கண்டால் நிறுத்தியே ஆகவேண்டும். அவள் நிறுத்தினாள். சாலையில் ஆள் இல்லை, கல் இல்லை, ஒரு பூனைகூட இல்லை.

"ஏன்?" என்றாள் தலைக்கவசத்தைக் கழற்றி.

"ஆம்புலன்ஸ்னு நினைச்சுட்டேன்மா. மேலே ஏதோ விபத்துன்னு..."

அவள் தலைக்கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு காரை மெதுவாக இறக்கிக்கொண்டு போய்விட்டாள். மறு ஓட்டம் தர எர்மெஸ் தயார்தான். பேட்டரியில் சக்தி எங்கே?

குளிர்காலத்தில் சங்கம் மறுபடி கூடியது. "கொடிக்காரரே ஆம்புலன்ஸ்னு ஏமாந்துட்டாரு. இந்தக் குழப்பம் நமக்கு வேணாம்" என்றார் எர்மெஸ். எல்லாரும் லோரிஸைப் பார்த்தார்கள். மகளுக்காக அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தன் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் உயர்ந்தன, மின்சாரக் கார் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

கடை காலியானதும் லோரிஸ் என்னிடம் சொன்னார். "ஆம்புலன்ஸ் இல்லைன்னு எனக்குத் தெரியும், ஜில்யோலா. அந்த வேகத்தைப் பார்த்தேன், கல்லறைச் சுவத்துல என் பொண்ணு மோதிடுவாளோன்னு பட்டுச்சு. கை தானா தூக்கிடுச்சு. பயந்துட்டேன்."

நான் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை டொக்கென்று வைத்தேன். "பாவி மனுஷா, இதை என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? சபையில வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே? போய் அவகிட்ட சொல்லு."

தனியாகப் போக அவருக்குத் தெம்பில்லை. நானும் போனேன். போலோன்யாவில் மொரேனா காரை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆஸ்திரியாவில் ஒரு மலைப் பந்தயத்தில் மின்சாரக் காரையும் சேர்த்துக்கொள்கிறார்களாம். லோரிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். அவள் கயிற்றை இறுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்பா, உன் வளைவுல இத்தனை வருஷமா எத்தனை பேரு பெத்த பிள்ளைங்க போயிருக்காங்க! நம்ம ஊரு ருத்ஜேரோ அதே சுவத்துல மோதிக் காலை ஒடிச்சுக்கிட்டானே. அவனுக்காகப் பயந்து கொடி தூக்கினியா?"

"இல்லைம்மா."

"ஏன்?"

"அவன்... பந்தயக்காரன்."

சொல்லி முடித்த பிறகுதான், மகளை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பது அவருக்கே உறைத்தது. மொரேனா கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு ஓட்டுநரிடம், "கிளம்பலாம்ணே" என்றாள்.