தறிக்குழிக்கும் சேர்த்து உயரம்

அஸ்திவாரத்துக்கு நூல் கட்டும் முன் கிரேஸ் மேஸ்திரி தெருவைச் சுற்றி வருவார். பழைய வெள்ளம் சுவர்களில் விட்டுப்போன பழுப்புக் கறையைத் தடவிப் பார்த்து, அதற்கு ஒரு சாண் மேலே கரிக்கோடு போடுவார். "இதுக்குக் கீழ தரை போடணும்னா வேற ஆளப் பாத்துக்கோங்க." செவிலிமேட்டில் பாலாற்றுப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் திட்டு வாங்கிக்கொண்டும் அவரைத்தான் தேடி வருகிறார்கள்.

ஆள் லேசுப்பட்டவரல்ல. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, காதில் பென்சில், வாயில் எந்நேரமும் ஒரு ஏலக்காய். தான் கட்டிய வீட்டைக் கடக்கும்போது ஸ்கூட்டியை மெதுவாக்கி ஒரு பார்வை பார்க்காமல் போகமாட்டார். அந்தக் கர்வம் இல்லாவிட்டால் அவர் கிரேஸே இல்லை.

பெரிய சண்டை நெசவாளர் வீரபாகுவோடுதான். நெய்கிறவர் காலைத் தொங்கப்போட்டு மிதிப்பதற்குத் தறியடியில் ஒரு குழி வேண்டும். வீட்டை உயர்த்திவிட்டு உள்ளே அதைத் தோண்டிக்கொள்ளலாம் என்பது வீரபாகுவின் கணக்கு. அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். போன வெள்ளத்தில் தரையெல்லாம் தப்பித்தது. குழிகளில் மட்டும் தண்ணீர் ஊறி, ஈரம் மேலேறி, தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பட்டு நூலான பாவு பாழாய்ப் போயிற்று.

"வூடு மேல நிக்கும்ணா, உங்க காலு தண்ணில நிக்கும். குழியோட அடியே என் கோட்டுக்கு மேலதான் இருக்கணும்."

"அவ்ளோ ஒசரமா? தெருவே சிரிக்கும் மேஸ்திரி."

"சிரிச்சிக்கினு போவட்டும்."

வீரபாகுவின் மனைவி ஏலவார்குழலி குறுக்கே புகுந்தார். "நனைஞ்ச பாவ வெச்சிக்கினு அழுதது நானு. அவங்க சொல்ற மாதிரியே கட்டட்டும்."

கட்டினார். வாசற்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. 'மாடி மட்டும் இருக்குது, வூட்டக் காணோம்' என்று தெரு கேலி பேசியது. கிரேஸ் அதைக் கேட்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

இந்த ஐப்பசியில் ஆறு தெருவுக்குள் வந்தது. விடிந்ததும் முழங்கால் தண்ணீரில் நடந்து கிரேஸ் வீரபாகுவின் வீட்டுக்குப் போனார். உள்ளே, தறியில் முகூர்த்தப் புடவைக்கான பாவு பாதி நெய்த நிலையில் கிடந்தது. வீரபாகு குழியை எட்டிப் பார்க்கப் பயந்து கதவோரமாகவே நின்றுகொண்டிருந்தார்.

கிரேஸ் ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். குனிந்து, அதன் அடித்தரையை உள்ளங்கையால் மூலைக்கு மூலை தடவினார். மேலே ஏறி வந்து, அந்தக் கையை வீரபாகுவின் முகத்துக்கு நேரே நீட்டி, ஊதினார்.

தூசி பறந்தது.