வாய் வறண்டவர்களின் கொப்பி

போன செவ்வாய்க்கிழமை சந்தையில் மீன் பார்த்துக்கொண்டு நின்றபோது போன் வந்தது. பல் வைத்தியர் கனகாம்பிகை போய்விட்டாராம். புளியந்தீவில் அவருடைய கிளினிக்கில் பல் பிடுங்காதவர்கள் நம்மில் யார்? அங்கே அவரோடு தாதியாக, அவர் வாயில் 'மிஸ்ஸி'யாக, நின்றவள் நான்.

சுனாமிக்குப் பிறகு வாய் வறண்ட பெண்கள் முகாம்களிலிருந்து வந்தார்கள். "கடல் தண்ணி குடிச்சது டொக்டர், உப்பு இன்னும் உள்ளுக்க கிடக்கு" என்பார்கள். நானும் நம்பினேன். அலையில் தங்கையின் கை என் பிடியிலிருந்து நழுவியது. தண்ணீரை விழுங்கி விழுங்கி நான் மட்டும் பிழைத்தேன். சில மாதங்களில் என் வாயும் காய்ந்தது, கண்ணும் எரிந்தது. அவளை விட்டதற்குத் தண்டனை என்று எண்ணி மூன்று வருடம் அதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

பிஸ்கட்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. தேநீர் நேரத்தில் ஒவ்வொரு கடிக்கும் நான் தண்ணீர் குடித்ததை டொக்டர் கண்டு, "என்ன மிஸ்ஸி, பிஸ்கட் தின்னுறீங்களா, சோறு கரைக்கிறீங்களா?" என்று சிரித்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "ஆம்பிளையளும் அதே தண்ணியத்தானே குடிச்சாங்க? அவங்களுக்கு ஏன் வரல்ல?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவளைப் பற்றிச் சொல்கிறேன், இந்த மனுசி ஆராய்ச்சி செய்கிறாரே!

அன்றே ஒரு கொப்பி போட்டார். பெயர், வயது, கடல் தண்ணீர் குடித்தாரா, மாதவிடாய் எப்போது நின்றது. பெரும்பாலானவர்கள் மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்கள், நானும் அப்படித்தான். பிறகு கிரானிலிருந்து ஒருத்தி வந்தாள். "அண்டைக்கு நான் வயல் வட்டைக்குள்ள புல்லுப் புடுங்கினன். கடலக் கண்ணாலயும் காணல்ல." அவளுக்கும் அதே வறட்சி, அதே கண் எரிச்சல். உப்புக் கதையை உடைத்தவள் என்று டொக்டர் அவளுக்கு இரண்டு தரம் நன்றி சொன்னார், அவள் விழித்தாள்.

யுத்தம் முடிந்த வருடம், உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்ப்பதற்காக என் கீழுதட்டின் உட்புறத்தில் ஒரு துணுக்கு வெட்டி, போத்தலில் போட்டு, கொழும்புப் பரிசோதனைக்குத் தானே பஸ்ஸில் கொண்டுபோனார். சோதனைச் சாவடியில் கேட்டபோது, "இது என்ட மிஸ்ஸிட சொண்டு" என்று சிங்களத்தில் சொன்னாராம்.

முடிவு வந்தது. என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என் உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது. "உமிழ்நீர்ச் சுரப்பி நல்லா இருக்க ஓமோனும் வேணும் மிஸ்ஸி. மாசம் நிக்கிற வயசில அது குறையுது. அப்பதான் உடம்பு சுரப்பியப் போட்டு அடிக்குது போல. ஆனா எல்லாப் பொம்பிளையளுக்கும் ஏன் வரல்ல? தெரியாது!" அந்தத் 'தெரியாது'வை அவ்வளவு ஆசையாகச் சொல்வார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கட தங்கச்சிக்கும் இதுக்கும் ஒண்டுமே இல்ல" என்றார். நான் நோயாளிகளின் கதிரையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவருடைய செத்த வீட்டில் என் கண்ணில் ஒரு சொட்டும் வரவில்லை. "இவ்வளவு காலம் கூட நிண்டவ, கல்நெஞ்சுக்காரி" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். முன்பென்றால் அதையும் நம்பியிருப்பேன். திரும்பி, "சுரப்பி வேலை செய்யல்ல தங்கச்சி. நான் அழுதுகொண்டுதான் நிக்கிறன்" என்றேன். அப்படிச் சொல்லும் தைரியத்தைத் தந்தவர் அவர். அந்தத் தைரியத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.