பளியர் கதைகளும் ஒரு பெயரும்

எழுதுகிறவர்களைவிட, அடுத்தவர் எழுத்தில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறவர்களைத்தான் கம்பாசிட்டருக்கு அதிகம் தெரியும். நாள் முழுக்க நின்று எழுத்துக் கோத்தே கால் வீங்கிய சகாக்களே, இந்த வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும். அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த ஒரு சின்ன அச்சகத்தில் நடந்தது இது.

அட்டை

மலைச் சனங்களின் கதைகளுக்கு விழா எடுப்பதாகச் சொல்லி, விழாக் கமிட்டிச் செயலாளர் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். சிறுமலையில் வாழும் பளியர் பழங்குடியைச் சேர்ந்த செல்லன், எட்டாவது வரை படித்தவர், தன் சனங்களின் கதைகளைத் தானே எழுதிய நோட்டு. விழாவில் அதைப் புத்தகமாக வெளியிட வேண்டுமாம். ஆனால் அட்டைக்கு எழுதித் தந்த சீட்டில் செயலாளர் பெயர் மட்டுமே இருந்தது.

"எழுதுனவர் பேரு விட்டுப்போச்சுங்களே?" என்றேன்.

"விட்டுப்போகல, விட்டாச்சு. பளியன் எழுதுனான்னு போட்டா எவன்ப்பா தொடுவான்?"

திருத்தம்

புரூஃப் பார்க்க ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் வந்தார். தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவனுக்கு மேலே மச்சினன் கயிறு பிடிக்கிற கதை ஒன்று. வாத்தியார் மச்சினனை அடித்துவிட்டு 'நண்பன்' என்று எழுதிவிட்டார். நட்புதான் உயர்வாம்! அன்று புத்தகம் எப்படி வருகிறதென்று பார்க்க வந்திருந்த செல்லன் அதைப் படித்துவிட்டு முகம் சுருங்கிப்போனார்.

"மச்சினன்தாங்க பிடிக்கணும். கயித்தை விட்டுட்டா அவன் அக்காதானே தனியா நிக்கும்?"

வாத்தியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கதை உன்னோடதா இருக்கலாம். தமிழ் என்னோடதுப்பா."

மேடை

வாத்தியார் போனதும் மச்சினனைத் திரும்ப வைத்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. அட்டையில் கை வைக்க முடியாது. உள்ளே முதல் பக்கத்தில், 'எழுதியவர்: செல்லன், சிறுமலை' என்று இருப்பதிலேயே பெரிய எழுத்தில் கோத்தேன். செயலாளர் அட்டையைப் பார்த்ததோடு சரி.

விழாவன்று மேடையில் எல்லாருக்கும் நாற்காலி இருந்தது. செல்லனும் அவர் மனைவியும் வாசல் ஓரம் நின்றார்கள். தலைமை வகித்த பள்ளித் தலைமையாசிரியை புத்தகத்தைப் பிரித்து முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டார். "எங்க இந்தச் செல்லன்?"

"இங்க நிக்கிறேனுங்க."

அந்த அம்மாள் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். செல்லன் உட்காரவில்லை, நின்றபடியே தேன் கதையை வாசித்தார். கயிறு ஆடிய இடத்தில் கூட்டம் மூச்சு விடவில்லை. வெளியே வரும்போது செயலாளர் என் கையைப் பிடித்து இழுத்தார்: "ஒரு பளியன் பேருக்காக என் பேரைக் கெடுத்துட்டியே!"

அவர் முதலாளியிடம் சொல்ல, மறுநாளே வேலை போயிற்று. பிழையில்லாத ஒரு பக்கத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்ட கம்பாசிட்டர் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.