கண்ணாடிப் பட்டணத்துப் புழுதி

எனக்கு எழுபத்தொரு வயது. நான்கு பேரை வளர்த்தேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள். நான்காவது என் கொழுந்தன் மாதையன். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துக்கு நான் வாழ வந்தபோது அவனுக்கு ஆறு வயது, தாயில்லாத பிள்ளை. என் கையால் தின்றுதான் ஆளானான். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற நீங்களும், என்னைப் போலப் பிள்ளைகளின் பின்னால் கடல் தாண்டி வந்தவர்களும் பொறுத்துப் படியுங்கள்.

நான் இப்போது இருக்கும் கனடாவின் வான்கூவரில் கூட்டினால் குப்பை வருவதில்லை. தினமும் காலையில் வாசலைக் கூட்டுகிறேன். அள்ளிப் பார்த்தால் நாலு இலை, அதுவும் ஈரமாக. மழை பெய்து பெய்து ஊரே கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பஸ் போனால் போதும், துடைத்து வைத்த அண்டாவில் விரலால் பெயர் எழுதலாம். வந்த புதிதில், நான் குனிந்து கூட்டுவதைப் பார்த்து அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவி ஓடி வந்தாள். என்னவோ கேட்டாள். நான் தலையாட்டினேன். உடனே அவளும் முட்டி போட்டுப் புல்லுக்குள் தேட ஆரம்பித்துவிட்டாள். நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று அவளுக்கு எண்ணம். இல்லாத பொருளை இருவரும் வெகுநேரம் தேடினோம். கடைசியில் ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து என் கையில் வைத்தாள். அவள் மனம் நோகக் கூடாதென்று வாங்கிக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

புழுதியே இல்லாத இந்த ஊரில் என் மகள் செல்விக்குப் புழுதி செய்கிற வேலை. சினிமாவில் ஒரு கட்டடம் இடிந்தால் அதிலிருந்து எழும்பும் தூசியைக் கம்ப்யூட்டரில் செய்கிறாள். இரண்டு திரைகளுக்கு முன்னால் காலையில் உட்கார்ந்தால் சோற்றுக்குக் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பாள்.

முந்திய வருடம் சித்திரையில், நான் ஊரில் இருந்தபோது, போன் செய்தாள். "அப்பா, களத்துல நின்னு கேவுரு தூத்துவீங்கல்ல, அதைப் படம் புடிச்சு அனுப்புங்க. தூசி எப்படி பிரியுதுன்னு நான் பாக்கணும்" என்றாள். சித்திரையில் ஏது கேழ்வரகு? ஆனால் மகள் கேட்டால் என் வீட்டுக்காரர் இல்லையென்று சொன்னதில்லை. களத்து ஓரத்துப் புழுதியையும் பழைய பதரையும் வாரி முறத்தில் போட்டு, காற்றுக்கு ஏற்றபடி திரும்பி நின்று தூற்றினார். வெயில் வேப்பமரத்தைத் தாண்டிச் சாய்ந்த பிறகு எடுக்கச் சொல்லியிருந்தாள். மரத்தடி நிழலில் நின்று நான் போனைப் பிடித்தேன். நான்கு சாயங்காலம் தூற்றினார். இருமல் வந்தது. "உம் பொண்ணு என்னை மண்ணு திங்க வெச்சுட்டா" என்று சிரித்தார்.

அந்த ஐப்பசியில் படுத்தார். பதினேழு நாள் கிடந்தார். மற்ற இரண்டு பிள்ளைகளும் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர் கேட்டது இரண்டு பேரைத்தான், செல்வியை, மாதையனை. செல்வியின் வீடு கடலுக்கு அப்பால். மாதையன் வீடு எங்கள் களத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும். இருவரும் வரவில்லை. மாதையனுக்கும் எங்களுக்கும் கிணற்று மோட்டார் ஓட்டும் முறையில் ஒரு மனத்தாங்கல் இருந்தது உண்மை. அதற்காக அண்ணன் சாகக் கிடக்கும்போது வாசல் ஏறாமல் இருப்பானா? கடைசியில் பிணத்தை எடுக்கும்போதுதான் வந்தான். வாய்க்கரிசி போடவில்லை. செல்விக்காக ஐஸ் பெட்டியில் ஒரு பகல் ஒரு இரவு வைத்திருந்தோம். அந்த சினிமாவில் அவள் பங்கு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய வாரமாம். விட்டுவிட்டு வந்தால் வேலை போகும், வேலை போனால் விசாவும் போகும் என்று அழுதாள். போன் திரையில் அப்பாவைப் பார்த்தாள்.

அதன் பிறகுதான் நான் இங்கே வந்தேன். மகளும் மருமகனும் வேலையில் இருக்கும்போது பேத்தி இனியாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஏனம்மா வரவில்லை என்று நான் செல்வியைக் கேட்டதில்லை. கேட்காமலேதான் அவளுக்குக் களி கிண்டிப் போட்டேன், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். வருடத் திதிக்குத் தானும் வருவதாகச் சொல்லி டிக்கெட் பார்த்தாள். "வர வேண்டிய அன்னைக்கு வரல. இப்ப எதுக்கு?" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே கிளம்பினேன்.

திதி முடிந்த மூன்றாம் நாள் மாதையனின் மகன்கள் கோவிந்தனும் மணியும் கார் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "பெரிம்மா, அக்கா வேல பாத்த படம் தர்மபுரியில தமிழ்ல ஓடுது. வாங்க" என்றான் மணி. மாதையனும் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தான். "எங்கண்ணன் பொணத்தவிடப் பெருசா அதுல என்னதான் இருக்குதுன்னு பாக்கறேன்" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தன் செருப்பைப் பார்த்துச் சொன்னான்.

அது இரண்டாம் பாகம். வானத்தில் மூன்று நிலா. மலையளவு வண்டிகள் கல்யாண மண்டபத்து சீரியல் லைட் போல மினுக்கிக்கொண்டு பறந்தன. நல்லவன் யார், கெட்டவன் யார் என்று எனக்குப் பிடிபடுவதற்குள் இருவருமே செத்துவிட்டார்கள். இடைவேளையில் அண்ணனும் தம்பியும் தொடங்கிவிட்டார்கள்.

"மொத பார்ட்டுல கதை இருந்துச்சு. இதுல வெறும் கலர் பவுடர்" என்றான் கோவிந்தன்.

"கதை வேணும்னா வூட்லயே உக்காந்து கேளு. இது பெரிய திரையில பாக்கறதுக்குன்னே எடுத்தது" என்றான் மணி.

"பாத்தேன். கண்ணு கூசுது. மனசுல ஒண்ணும் நிக்கல."

"உனக்கு வூட்ல அண்ணி திட்டுனது மட்டுந்தான் மனசுல நிக்கும்."

முன் வரிசைக்காரர் திரும்பினார். "ஏங்க, அந்தத் தாடிக்காரன் மொத பார்ட்டுலயே செத்துட்டான்லீங்க? எப்படிங்க திரும்ப வந்தான்?"

"அது அவன் தம்பிங்க" என்றான் மணி.

"தம்பி எதுக்குங்க அண்ணன் சட்டையப் போட்டுட்டு வர்றான்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாதையன் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு கண்ணாடிப் பட்டணம் இடிந்தது. சத்தம் நின்றுபோய்ப் புழுதி மட்டும் எழுந்தது. கனமானது நேரே விழ, லேசானது பக்கவாட்டில் நகர, அதற்கும் லேசானது சாய்ந்த வெயிலில் பொன்னாக ஒரு சுருள் சுருண்டு மேலே போயிற்று. மூன்று நிலாவும் எனக்கு மறந்துபோயின. அது எங்கள் களம். முறத்தைத் தட்டி மணிக்கட்டைத் திருப்பும் அவருடைய வீச்சு அதில் இருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் கோவிந்தன், "புழுதி மட்டும் நெசமாட்டம் இருந்துச்சு, அத ஒத்துக்கறேன்" என்றான். மணி அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி வாதாடினான். இருவரும் காரை எடுக்கப் போனார்கள். மாதையன் என் பக்கத்தில் நின்றான்.

"அண்ணி, போன சித்திரைக்கு முந்தின சித்திரையில அண்ணன் நாலு நாளு மண்ண வாரித் தூத்துனாரே. அது இதுக்குங்களா?"

"ஆமா. செல்வி கேட்டா. நான்தான் போன்ல புடிச்சேன்."

"நீங்களும் அங்க இருந்தீங்களா?"

"வேப்பமரத்தடியில நின்னேன்."

"எனக்கு அண்ணன் மட்டுந்தாங்க தெரிஞ்சாரு. எங்க வூட்டப் பாத்து நின்னாரு."

அவன் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினால், நீ மண்ணாய்ப் போ என்று அர்த்தம். காற்று அந்தப் பக்கம் போனதால் அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அண்ணன் நான்கு சாயங்காலம் தம்பி குடும்பத்தைச் சபித்தார் என்று இவன் நினைத்திருக்கிறான். அந்த நினைப்போடு பதினேழு நாள் அவன் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க, இவர் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

"வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றேன்.

"நீங்களும் என்னக் கேக்கலீங்களே அண்ணி, ஏன் வரலன்னு."

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். ஆறு வயதிலும் அப்படித்தான் அழுவான், சத்தமே வராது. நான் அவன் தோளில் கை வைத்தேன்.

திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது. செல்விக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா செத்த வாரத்தில் அவள் எதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்று இப்போது எனக்குத் தெரியும். நாள் முழுக்க அவரை நிறுத்தி, ஓட்டி, நிறுத்தி, ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது வந்து நின்றதற்குச் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் இருந்தது என் தப்பு. வாயால் கேட்க வரவில்லை, எழுதிவிட்டேன். அவள் அந்தப் படத்தைக் கேட்டதால்தான் இப்படி ஆனது என்று அவள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பா சிரித்துக்கொண்டேதான் தூற்றினார்.

இன்றைக்கும் வாசல் கூட்டினேன், ஒன்றும் வரவில்லை. அறைக்குள் செல்வியின் திரையில் வேறு ஏதோ பட்டணம் இடிந்துகொண்டிருக்கிறது. கதவு பாதி திறந்திருக்கிறது.

இனியா, இங்கே வா கண்ணு. ஆயா எழுதியதைப் படித்துக் காட்டு. உனக்கும் எழுத்துக் கூட்டித்தான் வரும், எனக்குத் தெரியும். மெதுவாகவே படி. ஆனால் சத்தமாகப் படி.